தராசில் தோற்ற சாம்பியன்: எடை குறைப்பு உடலுக்குள் என்ன செய்கிறது?

1995 ஜனவரி. பிலிப்பைன்ஸில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காகத் தராசில் ஏறுகிறான். அவன் எடை 98 பவுண்டுதான், அதாவது நாற்பத்து நான்கு கிலோவும் கொஞ்சமும். தராசு 105 பவுண்டாவது காட்ட வேண்டும். கனமான எதையோ சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறியதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பையன்தான் மேனி பாக்கியாவ்.

1998 டிசம்பரில் தாய்லாந்தின் சாட்சாய் சசகுலை எட்டாவது சுற்றில் வீழ்த்தி பிளைவெயிட் உலக சாம்பியன் ஆனார். பிளைவெயிட்டின் எல்லை 112 பவுண்டு, 50.8 கிலோ. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பட்டத்தைக் காக்க மறுபடியும் தாய்லாந்து போனார். இந்த முறை சட்டைப் பையில் எதையும் போட வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு வற்றவைத்தாலும் உடல் 112-க்குள் இறங்க மறுத்தது. மணி அடிப்பதற்கு முந்தைய நாளே, தராசின் மேலேயே பட்டம் பறிபோனது. அதன்பின் நடந்த சண்டையில் மெட்கோயென் சிங்சுராட் மூன்றாவது சுற்றில் வயிற்றில் விட்ட குத்தில் பாக்கியாவ் விழுந்தார், எழுந்திருக்கவில்லை.

சின்ன எடைப் பிரிவுகளில் ஆடுபவரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, குத்துகளைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தராசைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ பிரிவின் இறுதிச் சுற்று வரை வந்துவிட்டு, அன்று காலை 100 கிராம் கூடிப்போனதால் வெளியேறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு டம்ளர் தண்ணீரைவிடக் குறைந்த எடை அது.

தண்ணீரை ஒப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி வாரத்தில் ஒரு குத்துச்சண்டை வீரர் குறைக்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி செலவழிக்க வேண்டும். சண்டைக்குத் தயாராகி நிற்பவரின் உடம்பில் கரைக்கக் கொழுப்பே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே நான்கைந்து நாட்களில் இரண்டு மூன்று கிலோ போக வேண்டுமென்றால், அதைத் தண்ணீரிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஐம்பது கிலோ ஆண் உடலில் சுமார் முப்பது லிட்டர் தண்ணீர் உண்டு.

முதலில் எளிதில் போவது குடலில் கிடப்பது. நார்ச்சத்துள்ள காய்கறியையும் முழு தானியத்தையும் நிறுத்திவிட்டால் மலத்தின் அளவு குறையும், எடை இறங்கும், பலம் குறையாது. அடுத்தது கிளைகோஜன். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் தசைகளிலும் கல்லீரலிலும் இந்த வடிவில்தான் சேமிக்கப்படுகின்றன. ஒரு கிராம் கிளைகோஜன் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் கிளைகோஜன் தீரும், அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் வெளியேறும். தராசுக்கு இது மகிழ்ச்சி தரலாம். ஆனால் வேகமாகக் குத்தும்போது தசை எரிப்பதும் அதே கிளைகோஜனைத்தான்.

சிலர் சிறுநீரகத்தையே ஏமாற்றப் பார்ப்பார்கள். சில நாட்கள் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் குறைந்துவிடும். சிறுநீரகம் மடையைத் திறந்துவிட்டதுபோல வெளியேற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், உடல் சுதாரித்துக்கொள்ளும் முன் இன்னும் கொஞ்சம் வெளியே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கிலோ மிச்சம் இருந்தால் வியர்வைதான் கதி. அந்தக் கடைசி இரவு கொடுமையானது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடை, அதன்மேல் ஸ்வெட்டர், அடைத்த அறையில் ஸ்கிப்பிங். இல்லையென்றால் சுடுதண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்திருந்துவிட்டு, எழுந்ததும் துண்டுகளால் சுற்றிக்கொண்டு படுப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டுத் தராசில் ஏற்றுவார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாய் உலர்ந்த பிறகும் சூயிங்கம்மை மென்று மென்று ஊறும் எச்சிலை பாட்டிலில் துப்பிக்கொண்டிருப்பார். அதுவும் சில கிராம்களாயிற்றே!

வியர்வை இயற்கையில் நம்மைக் குளிர்விக்க வந்தது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலிருந்து ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் உடைக்குள் அது ஆவியாகவே முடியாது. வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், வெப்பமோ உள்ளேயே நிற்கும். இதற்கிடையில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பு எகிறுகிறது. தோலுக்கும் தசைக்கும் மூளைக்கும் போதுமான ரத்தத்தை ஒரே நேரத்தில் அனுப்ப முடியாத நிலை வருகிறது. 1997-ன் கடைசி இரண்டு மாதங்களில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். எதிராளியின் கை அவர்கள் மேல் படக்கூட இல்லை.

தராசிலிருந்து இறங்கியதும் கதை தலைகீழாகும். சண்டை மறுநாள்தான். சுமார் முப்பது மணி நேரத்தில் இழந்ததையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். வெறும் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகவே போய்விடும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வரும்போது குடல் சுவர் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கிறது, பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு நாம் வீட்டில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் தத்துவம்தான் லாஸ் வேகாஸ் ஓட்டல் அறையிலும் வேலை செய்கிறது.

ரத்தம் தேறிவிடும். என் கவலை மண்டையோட்டுக்குள் இருப்பதைப் பற்றி. உடல் கடுமையாக வறளும்போது மூளைத் திசு லேசாகச் சுருங்குவதையும், அதனுள் இருக்கும் திரவ அறைகள் விரிவதையும் எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதன் உறைக்குச் சின்னச் சின்ன சிரைகள் பாலம்போலச் செல்கின்றன. தலையில் குத்து விழுந்து மண்டையோடு சட்டென்று திரும்பும்போது மூளை ஒரு கணம் பின்தங்குகிறது, அந்தச் சிரைகள் இழுபடுகின்றன. அறுந்தால் ரத்தம் உறைக்கு அடியில் தேங்கி மூளையை அழுத்தும். குத்துச்சண்டை மேடை மரணங்களுக்கு முக்கியக் காரணம் இந்த ரத்தக்கட்டு. சுருங்கிய மூளைக்கு ஆட இடம் கூடுதல், சிரைகளோ ஏற்கெனவே விறைத்து நிற்கும். மருத்துவர்கள் அஞ்சுவது இதைத்தான்.

1982 நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக்-கூ, அமெரிக்க வீரர் ரே மான்சினியோடு 135 பவுண்டு லைட்வெயிட் பட்டத்துக்காக மோதினார். எடைக்குள் வரப் படாதபாடு பட்டவர் அவர். பதினான்காவது சுற்றில் விழுந்தவர் நினைவு திரும்பாமலே சில நாட்களில் இறந்தார். காரணம் அதே ரத்தக்கட்டு. பதினைந்து சுற்றுகள் பன்னிரண்டாகக் குறைந்தது அதன் பிறகுதான். சண்டை நாள் காலையில் எடை பார்ப்பது மாறி முந்தைய நாளுக்குப் போனதும் அந்தப் பத்தாண்டுகளில்தான். உடல் தேற நேரம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம் அது. விளைந்தது வேறு. தேற ஒரு நாள் இருக்கிறதே என்று வீரர்கள் முன்பைவிட அதிகமாக வற்றவைக்கத் தொடங்கினார்கள்.

இது எல்லோருக்கும் ஒரே அளவு வலி அல்ல. ஹெவிவெயிட்டுக்கு மேல் எல்லையே கிடையாது, அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தராசில் ஏறலாம். கீழே போகப் போகப் படிகள் நெருங்குகின்றன: 105, 108, 112, 115, 118, 122, 126. மூன்று நான்கு பவுண்டுக்கு ஒரு படி. நூறு கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ நூற்றுக்கு இரண்டு. ஐம்பது கிலோ ஆளுக்கு அதுவே நூற்றுக்கு நான்கு.

இன்னொரு விஷயமும் உண்டு, பலரும் கவனிக்காதது. உடம்பு பாதியானால் தலை பாதியாவதில்லை. ஐம்பது கிலோ ஆளின் மூளையும் நூறு கிலோ ஆளின் மூளையும் எடையில் பெரிதாக வேறுபடுவதில்லை. குத்தின் பலமோ கை வேகத்தோடு, கைக்குப் பின்னால் தோளும் இடுப்பும் சேர்ந்து எவ்வளவு எடையைச் சேர்க்கின்றன என்பதையும் பொறுத்தது. சின்ன ஆளின் கை மின்னல்போல வரும், ஆனால் பின்னால் வரும் எடை குறைவு. கிட்டத்தட்ட அதே அளவுள்ள தலையை அதனால் திருப்புவது கடினம். அதனால்தான் கீழ்ப் பிரிவுகளில் ஒரே குத்தில் ஆள் சாய்வது அபூர்வம். சண்டைகள் நீள்கின்றன. குறைந்த வலுவுள்ள குத்துகளை, அதிக எண்ணிக்கையில், வற்றிய உடம்போடு வாங்குகிறார்கள்.

விதிகள் மெதுவாகத்தான் மாறுகின்றன. உலக குத்துச்சண்டை கவுன்சில் பட்டச் சண்டைக்கு முப்பது நாள் முன்பும் ஏழு நாள் முன்பும் எடை பார்க்கச் சொல்கிறது. எல்லையைவிட முறையே பத்து, ஐந்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம், 2015-ல் 21 வயது சீன வீரர் ஒருவர் எடை குறைக்கும்போது இறந்ததும், சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கத் தொடங்கியது. உடல் வறண்டவரின் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும், ஒளிமுறிவுக் கருவியில் ஒரு சொட்டு விட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். தொழில்முறைக் குத்துச்சண்டை முழுவதும் இதை ஏற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாக்கியாவ் தாய்லாந்துத் தோல்விக்குப் பிறகு 115, 118 இரண்டு படிகளையும் தாண்டி ஒரேயடியாக 122-க்குப் போனார். இருபது வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த உடம்பு அது. அதை 112-க்குள் அடைத்து வைத்ததுதான் தவறு. வற்றவைப்பது நின்றதும் கிளைகோஜன் தசையிலேயே இருந்தது, ரத்தம் நிறைந்திருந்தது, கால்கள் சொன்னபடி கேட்டன. 2001 ஜூனில், இரண்டே வார அவகாசத்தில் வந்த அழைப்பை ஏற்று, லாஸ் வேகாஸில் தென்னாப்பிரிக்காவின் லெலோ லெட்வாபாவை ஆறாவது சுற்றில் வீழ்த்தினார். அங்கிருந்து 126, 130, 135 என்று ஏறிக்கொண்டே போனார்.

2008 டிசம்பர் 6 அன்று நடந்ததில் இந்தக் கட்டுரையின் உடலியல் முழுவதும் இருக்கிறது. எதிரே ஆஸ்கர் டி லா ஹோயா. பாக்கியாவைவிட நான்கு அங்குலம் உயரம், 154, 160 பவுண்டுகளில் ஆடியவர். பணத்துக்கான பொருத்தமற்ற ஜோடி என்று பலரும் கவலைப்பட்டார்கள். சண்டைக்கு ஒப்புக்கொண்ட எல்லை 147. அந்த அளவுக்கு டி லா ஹோயா 2001-க்குப் பிறகு இறங்கியதே இல்லை. இந்த முறை இறங்கினார். தராசில் 145 காட்டினார், பாக்கியாவ் 142. மறுநாள் இரவு மேடை ஏறும் முன் பார்த்தபோது டி லா ஹோயா 147, பாக்கியாவ் 148.5. பெரியவர் உடம்பு இழந்த தண்ணீரை வாங்க மறுத்துவிட்டது. முதல் சுற்றிலிருந்தே அவருடைய இடது ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டி விடும் குத்து, பாதி தூரத்தில் தொங்கியது. பாக்கியாவ் குத்திவிட்டு நகர்ந்த இடத்தை நோக்கி அவர் திரும்பும்போது, பாக்கியாவ் அங்கிருந்தும் நகர்ந்துவிட்டிருந்தார். எட்டாவது சுற்று முடிந்ததும் வீங்கிய கண்ணோடு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தார் டி லா ஹோயா. ஒன்பதாவது சுற்றுக்கு எழுந்திருக்கவில்லை.

2010 நவம்பரில் பாக்கியாவ் எட்டாவது எடைப் பிரிவில் பட்டம் வென்றார். சண்டைக்கு ஒப்புக்கொண்ட எல்லை 150 பவுண்டு. எதிராளி அந்தோனியோ மார்கரீட்டோ சரியாக 150-ல் நின்றார். பாக்கியாவ் தராசில் ஏறியபோது முள் காட்டியது 144.6. குறைக்க வேண்டியது எதுவும் அவரிடம் இல்லை.