பார்த்தினானைப் பிளந்த துரு

ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றில் நிற்கும் பார்த்தினான் கோயிலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து கிடையாது. கி.மு. 447இல் வேலையைத் தொடங்கியவர்கள் பென்டெலி மலைப் பளிங்கை இழைத்து இழைத்துப் பொருத்தினார்கள். அடுத்தடுத்த கற்களில் காடி வெட்டி இரும்புக் கவ்வியைப் பதித்து, அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். அந்த ஈயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாமல் அது காத்தது. நிலநடுக்கத்தில் மெத்தைபோல அதிர்ச்சியையும் வாங்கிக்கொண்டது. இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் துருவேறாத பழைய கவ்விகள் அங்கே கிடைத்திருக்கின்றன.

1687இல் வெடிமருந்துக் கிடங்காக இருந்த கோயில் பீரங்கித் தாக்குதலில் வெடித்துச் சிதறியது. 1898 முதல் 1933 வரை கிரேக்கப் பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் அதைத் தூக்கி நிறுத்தினார். அவரும் இரும்பைத்தான் பயன்படுத்தினார், ஆனால் ஈயத்தை விட்டுவிட்டார். சில பத்தாண்டுகளிலேயே இரும்பு துருவேறிப் பருத்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பளிங்கு மேலிருந்து வரும் பாரத்தை எவ்வளவும் தாங்கும். உள்ளிருந்து நெட்டினால் பிளந்துவிடும். போர் உடைக்காத கற்களைப் பழுதுபார்த்த கம்பி உடைத்தது என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

எந்தக் கல் கட்டடத்திலும் இதன் அறிகுறிகள் ஒரே மாதிரிதான். இணைப்புக்குக் கீழே பழுப்புக் கறை வழியும். கல்லின் விளிம்பை ஒட்டியே மெல்லிய விரிசல் ஓடும். சிறு மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் அந்த இடம் மட்டும் பொள்ளலாக ஒலிக்கும். அப்போது பலரும் செய்வது விரிசலைச் சிமென்ட்டால் பூசி மூடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு உள்ளேயே இருக்கிறது. புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் துரு இன்னும் வளரும்.

1975இல் கிரேக்க அரசு அமைத்த குழு, கற்களைக் கழற்றி, துருவேறிய இரும்பை நீக்கி, டைட்டானியம் பொருத்தும் வழிக்குப் போனது. டைட்டானியம் துருவேறாது; வெயிலில் அது விரியும் அளவும் குறைவு. கவ்வியின் கனத்தையும் கணக்கிட்டே வைக்கிறார்கள்: நிலநடுக்கம் வந்தால் முதலில் கவ்வி வளைய வேண்டும், கல் உடையக் கூடாது. கவ்வி தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைக்கும் மேஸ்திரிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டைட்டானியத்துக்குச் செலவு கட்டுப்படியாகாது என்றால் துருப்பிடிக்காத எஃகு போடலாம்; கடலோரத்தில் 304 ரகம் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 கேளுங்கள். துத்தநாகம் பூசிய கம்பி வேண்டாம். அறுத்த முனையில் பூச்சு இருக்காது, துரு அங்கேதான் பிடிக்கும்.

கல்லைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, காடியின் அளவையும் இடத்தையும் வரைந்து வையுங்கள். பலானோஸ் பல கற்களை இடம் மாற்றி வைத்துவிட்டார். எந்தக் கல் எதன் பக்கத்தில் இருந்தது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிக்க, எதிரெதிரே பொருந்தும் அந்தப் பழைய காடிகள்தான் பெரிதும் உதவின.