வெட்டிய மரமா, பிளாஸ்டிக் மரமா?

டிசம்பர் பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கடைகளின் வாகனத் தரிப்பிடங்களில், வலை சுற்றிய கிறிஸ்மஸ் மரங்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். மரம் வாங்கினால் அடியில் ஒரு துண்டை அறுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். 2 சென்டிமீட்டர் தடிப்புப் போதும். அந்த வட்டத் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய வெட்டுப் பக்கம் பிசின் இறுகிக் கறுத்திருக்கும். புதிய பக்கம் வெள்ளையாக, தொட்டால் ஈரமாக, விரலில் ஒட்டும் வாசனையோடு இருக்கும்.

வேர் போன பிறகும் மரம் தண்ணீர் குடிக்கும். ஊசியிலைகளிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, தண்டின் நுண்குழாய்களுக்குள் இருக்கும் நீர் அறுபடாத நூல்போல மேலே இழுபடுகிறது. வெட்டுவாயில் காற்றுப் புகுந்தால் நூல் அறுந்துவிடும். பிசினும் வாயை அடைக்கும். அதனால்தான் புதிதாக அறுக்க வேண்டும், அறுத்த சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் நிறுத்தவும் வேண்டும். முதல் நாட்களில் ஒரு பெரிய மரம் தினமும் 2, 3 லீட்டர்கூடக் குடிக்கும். சீனியோ அஸ்பிரினோ தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். தாங்கிக்குள் நுழையவில்லை என்று தண்டைச் சுற்றிச் சீவுகிறார்கள் சிலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீர் அதிகம் ஏறுவது வெளிவளையங்களில்தான்.

சரி, தண்ணீர் வைத்தும் ஏன் இலை கொட்டுகிறது? வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகையடித்துப் பழுக்க வைத்தவர்களுக்கு இதற்கான விடை பாதி தெரியும். அந்தப் புகையில் இருக்கும் எத்திலீன் வாயுதான் காயைக் கனியாக்குகிறது. அதே வாயுவை வெட்டிய மரமும் தானே சுரக்கிறது, அதுவே ஊசியிலையின் காம்பைத் தளர்த்துகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆய்வாளர் ராஜசேகரன் லாடா குழுவினர், கிறிஸ்மஸ் மரமாக விற்கப்படும் பால்சம் ஃபிர் மரத்தின் கிளைகளை வைத்து இதை 2010இல் காட்டினார்கள். தண்ணீரில் வைத்த கிளைகள் சுமார் பத்து நாளில் எத்திலீனை வெளியிடத் தொடங்கின, 40 நாளில் மொட்டையாகிவிட்டன. எத்திலீன் உருவாவதைத் தடுத்த கிளைகளில் இலைகள் 87 நாள்வரை நின்றன. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கொட்டிய இலையைப் பெருக்கும்போதெல்லாம் வாழைக்குலைக் குழி நினைவுக்கு வந்துவிடும்.

பிளாஸ்டிக் மரத்தில் இந்தக் கவலை ஒன்றும் இல்லை. பச்சை பிவிசி பிளாஸ்டிக் தாளை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, இரும்புக் கம்பிகளுக்கு இடையில் கொடுத்து முறுக்கினால் கிளை தயார். ஒரு கிளையைப் பிரித்துப் பாருங்கள், கம்பியிலிருந்து பிளாஸ்டிக்கைத் தனியாக்கவே முடியாது. இரண்டும் பின்னிக் கிடப்பதால் மறுசுழற்சிக்கு வழியில்லை. கடைசியில் அது குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

இரண்டில் எது பூமிக்கு நல்லது? மொன்றியலில் 2009இல் எலிப்சோஸ் என்ற நிறுவனம் இரண்டு மரங்களின் முழு வாழ்க்கையையும் கணக்கெடுத்தது. வெட்டிய மரத்துக்கு ஆண்டுக்கு 3.1 கிலோ கரியமில வாயு. சீனாவில் செய்து கப்பலில் வந்த பிளாஸ்டிக் மரத்தை ஆறு ஆண்டு பாவித்தால் ஆண்டுக்கு 8.1 கிலோ. அது வெட்டிய மரத்தை முந்த ஏறக்குறைய 20 ஆண்டு வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது நம்முடைய கார். ஒரு லீட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். குடும்பத்தோடு போய் நாமே வெட்டலாம் என்று 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பண்ணைக்குப் போய் வந்தால், எட்டு லீட்டராவது எரியும். அதுவே 18 கிலோ! ஆசையாகப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மரத்தால் மிச்சமானது அந்த வழியிலேயே போய்விடும்.

அப்புறம், பண்டிகை முடிந்து மரம் எங்கே போகிறது என்பதும் பெரிய விஷயம். காற்றில்லாத குப்பைமேட்டில் புதைந்தால் பாக்டீரியா அதை மீதேன் ஆக்கும். மீதேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பின் கணக்கில், 2 மீட்டர் மரத்தைப் புதைத்தால் 16 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு, எரித்தால் 3.5 கிலோதான். ரொறன்ரோவில் ஜனவரியில் மாநகராட்சியே வீதியோரத்தில் வைத்த மரங்களை எடுத்து, மரத்தூளாக அரைக்கிறது. மினுங்கும் தாள், பிளாஸ்டிக் பை, கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வையுங்கள்.

பக்கத்துக் கடையில் வாங்க முடிந்து, தண்ணீர் ஊற்றவும் ஆள் இருந்தால் வெட்டிய மரம்தான் என் தெரிவு. காய்ந்த மரம் தீப்பிடித்தால் சில விநாடிகளில் முழுதும் எரிந்துவிடும் என்பதால் பல அடுக்குமாடிகளில் அதற்கு அனுமதியில்லை. அங்கே பிளாஸ்டிக்தான் வழி, அதையும் பழையதாக வாங்குவது நல்லது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதைத் தூக்கி எறிய வேண்டாம். என் மச்சாளின் வீட்டு மரம் 2009இல் வாங்கியது. கீழ்க் கிளை ஒன்று முறிந்துவிட்டது. அதை நூலால் கட்டிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். 2029 கிறிஸ்மஸுக்கும் அதையே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.