காற்று ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்

கலிஃபோர்னியாவில் மகன் வீட்டுக்குப் போய்வந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “நல்ல கோடைக்காலம் என்று சொல்லித்தான் ஜூலையில் அழைத்துப்போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயிண்ட் ரெய்ஸ் என்ற கடற்கரைப் பூங்கா. கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் படிக்கட்டின் உச்சியில் நின்றோம். குளிரில் பல் கிட்டியது. எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூட்டுவலியோடு முந்நூறு படி இறங்குவானேன் என்று திரும்பிவிட்டோம். காரில் கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் சுள்ளென்று வெயில்! இது என்ன கூத்து? பூமி சூடாகிறது என்கிறீர்களே, அங்கே மட்டும் ஆகவில்லையா?”

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். ஜூலையில் ஒருநாள் குளிர்ந்தால் புவி வெப்பமாதலே பொய் என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வாசகி அந்த ரகம் இல்லை. நடுங்கிய உடம்போடு நியாயமாகக் கேட்கிறார்.

பாயிண்ட் ரெய்ஸ் பசிபிக் பெருங்கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தீபகற்பம். 1962இல் அமெரிக்க அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட தேசியக் கடற்கரையாக அறிவித்தது. காற்றுக்கும் மூடுபனிக்கும் பேர்போன இடம். இங்கே ஓர் ஆண்டின் வானிலையைக் கணக்கெடுப்பவர்களுக்கு ஜனவரி 1 அவ்வளவு முக்கியமில்லை. அக்டோபர் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடியும் ‘நீர் ஆண்டு’தான் அவர்களுடைய நாட்காட்டி. காரணம் எளிது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பெய்கிறது. டிசம்பரில் கோடு கிழித்தால் ஒரே மழைக்காலம் இரண்டு ஆண்டுகளாகப் பிளந்துவிடும். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்பது பள்ளியில் படித்த மத்தியதரைக் கடல் காலநிலைதான். அந்த மழையும் ஒழுங்காக வருவதில்லை. 2020 முதல் 2022 வரையான மூன்று நீர் ஆண்டுகள் கலிஃபோர்னியாவின் பதிவேட்டிலேயே மிக வறண்டவை. அடுத்து, 2022 டிசம்பர் கடைசியில் தொடங்கி மூன்றே வாரத்தில் ஒன்பது ‘வளிமண்டல ஆறுகள்’, அதாவது கடலிலிருந்து ஈரப்பதத்தைச் சுமந்து வரும் நீண்ட காற்றுப் பட்டைகள், வரிசையாக வந்து கொட்டித் தீர்த்தன.

மழைக் கதை இவ்வளவு போதும். எனக்கு ஆசை, கடலுக்குள் கிடக்கும் வெப்பமானியின் மேல்தான்.

அந்த வெப்பமானியை ஆண்டு முழுவதும் பார்த்துவந்தால், வசந்தமும் கோடையின் தொடக்கமும்தான் கரையோர நீர் மிகக் குளிர்ந்திருக்கும் காலம். பகல் நீண்டுகொண்டே போகும் ஏப்ரல், மே மாதங்களில் அது 10 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. வெயில் இறங்கத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரில்தான் கடல் ஓரளவு சூடாகிறது. வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டம்தான் காரணம் என்று பலரும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பாதி விடை. நீரோட்டம் மட்டுமே காரணம் என்றால், அதே அட்சரேகையில் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலைவிடக் கரையை ஒட்டிய நீர் ஏன் அதிகம் குளிர்ந்திருக்கிறது? அந்தக் குளிர் வடக்கிலிருந்து மட்டும் வரவில்லை. கீழேயிருந்தும் வருகிறது.

அதை மேலே இழுத்து வருவது காற்று. காற்று தண்ணீரை எப்படிக் கீழேயிருந்து இழுக்கும்? இதற்கான விடை வடதுருவப் பனிக்கட்டியில் கிடைத்தது. நார்வேயின் துருவப் பயணி ஃபிரிட்யோஃப் நான்சென் 1893இல் ‘ஃபிராம்’ என்ற தன் கப்பலை வேண்டுமென்றே உறைபனியில் சிக்கவைத்தார். பனி போகும் போக்கில் கப்பல் மூன்று ஆண்டுகள் மிதந்தது. அவர் குறித்துவைத்தவற்றில் ஒன்று: பனிப்பாளங்கள் காற்று தள்ளும் திசையில் நேராகப் போகவில்லை. 20 முதல் 40 டிகிரி வரை வலப்பக்கம் விலகியே நகர்ந்தன. பூமியின் சுழற்சிதான் காரணம் என்று அவர் ஊகித்தார். அதைக் கணிதமாக்கும் வேலை வாக்ன் வால்ஃபிரிட் எக்மான் என்ற இளம் ஸ்வீடன்காரரிடம் வந்தது. 1905இல் வெளியான அவருடைய கட்டுரை கடலியலில் இன்றும் அடிப்படைப் பாடம்.

கடலைச் சீட்டுக்கட்டுபோல மெல்லிய அடுக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மேல் சீட்டைத் தள்ளுகிறது. வட அரைக்கோளத்தில் நகரும் எதையும் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்பும். இதுதான் கோரியோலிஸ் விளைவு. ஆகவே மேல் சீட்டு காற்றின் திசையிலிருந்து சற்று வலமாக விலகிப் போகிறது. உராய்வால் அது தன் அடியிலிருக்கும் சீட்டை இழுக்கிறது. அடிச் சீட்டும் நகரத் தொடங்கியதுமே இன்னும் வலமாகத் திரும்புகிறது, வேகமும் குறைகிறது. அதற்கடுத்தது இன்னும் வலம், இன்னும் மெது. சில பத்து மீட்டர் ஆழம் போவதற்குள் கட்டு முழுவதும் சுழல் படிக்கட்டுபோல விரிந்து, கடைசிப் படிகளில் அசைவே அடங்கிவிடும்.

இந்தப் படிக்கட்டின் எல்லாப் படிகளையும் சேர்த்துக் கூட்டினால், மொத்தத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? காற்றுக்குச் சரியாக 90 டிகிரி வலத்தில். ஏறக்குறைய அல்ல, சரியாகச் செங்குத்தில். இதற்கு எக்மானின் சமன்பாடுகள்கூடத் தேவையில்லை. மொத்த அடுக்கின் மேலும் செயல்படும் விசைகள் இரண்டுதான். ஒன்று காற்றின் தள்ளல், இன்னொன்று கோரியோலிஸ். அடியில் அசைவே இல்லாததால் அங்கே உராய்வும் இல்லை. அடுக்கு நிலையான வேகத்தில் போக வேண்டுமானால் இந்த இரண்டு விசைகளும் நேருக்கு நேர் எதிர்த்து ஒன்றையொன்று ரத்துசெய்ய வேண்டும். கோரியோலிஸோ ஓட்டத்துக்கு எப்போதும் செங்குத்தாக மட்டுமே இயங்கும். அப்படியானால் அது காற்றை நேராக எதிர்த்து நிற்க, ஓட்டம் காற்றுக்குச் செங்குத்தாக இருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. இந்த நான்கு வரித் தர்க்கத்தை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

இப்போது பாயிண்ட் ரெய்ஸுக்கு வாருங்கள். வசந்தத்திலும் கோடையிலும் பசிபிக் மேல் ஓர் உயர் அழுத்தப் பகுதி உட்கார்ந்துகொள்கிறது. உள்நாட்டு நிலம் சூடாகி அங்கே அழுத்தம் குறைகிறது. இரண்டுக்கும் நடுவே, வடமேற்கிலிருந்து கரையை ஒட்டியே காற்று விடாமல் வீசுகிறது. அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று வலக்கையை நீட்டுங்கள். கை காட்டும் திசையில் இருப்பது திறந்த பெருங்கடல். மேல்நீர் அந்தப் பக்கம் போகிறது. கரையோரம் காலியாகும் இடத்தை நிரப்பப் பக்கத்தில் தண்ணீர் இல்லை, நிலம்தான் இருக்கிறது. அதனால் கீழே இருட்டில் கிடந்த குளிர்ந்த நீர் மேலேறுகிறது.

அந்த நீர் குளிரை மட்டும் கொண்டுவருவதில்லை. மேலே வாழ்ந்து, செத்து, அடியில் மக்கிய உயிர்களின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் கரைந்திருக்கின்றன. வெளிச்சம் பட்டதும் டயாட்டங்கள் என்ற நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று இறால்போன்ற சின்னஞ்சிறு கிரில், கிரில்லைத் தின்ன நீலத்திமிங்கலம். 2014 முதல் 2016 வரை அந்தக் கடலில் அசாதாரண வெப்ப அலை ஒன்று தங்கியபோது இந்த விருந்து குலைந்தது. காசின் ஆக்லெட் என்ற சின்னக் கடற்பறவைகள் பட்டினியால் செத்துப் பெருமளவில் கரையொதுங்கின. நச்சுப் பாசி பெருகியதால் 2015 நவம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய நண்டுப் பருவம் பல மாதம் தள்ளிப்போனது.

வாசகியின் வெள்ளைத் திரையும் இதே குளிர்நீரின் வேலைதான். வெளிக்கடலில் ஈரத்தை ஏந்திவந்த காற்று, கரையோரக் குளிர்ப்பட்டையின் மேல் தவழும்போது குளிர்ந்து துளிகளாகிறது. அது மேலே கலைந்து போகவும் வழியில்லை. உயர் அழுத்தப் பகுதியில் இறங்கும் காற்று அழுந்திச் சூடாகி, குளிர்ந்த காற்றின் மேல் மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. மேலே வெப்பம், கீழே குளிர் என்ற இந்தத் தலைகீழ் அமைப்பில் மூடுபனி மாட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மலைமுகட்டைத் தாண்டினால் மூடி முடிந்து வெயில் தொடங்கிவிடும். ஒரே மதியத்தில் முனைக்கும் உட்பள்ளத்தாக்குக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம்.

மழையே பெய்யாத அந்த மாதங்களில் அங்குள்ள சைப்ரஸ் மரமொன்றின் அடியில் போய்ப் பாருங்கள். சாலை காய்ந்து கிடக்கும். மரத்தின் நிழல் விழும் அளவுக்கு மட்டும் தரை நனைந்திருக்கும். இலைகள் மூடுபனியைச் சல்லடைபோல அரித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றன. மழைமானி இதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. இதற்கும் வடக்கே, ரெட்வுட் என்ற நெடிதுயர்ந்த மரங்களின் காடு ஒன்றில் அளந்து பார்த்ததில், ஆண்டு முழுவதும் அங்கே கிடைத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சொட்டியதாக இருந்தது.

இப்போது தள்ளி வைத்த கேள்வி. சூடாகிறது, அங்கேயும்தான். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலான கோல்டன் கேட்டில் ஓர் அலைமானி 1854 முதல் கடல் மட்டத்தை அளந்துவருகிறது. கடந்த நூறு ஆண்டுகளில் அங்கே கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. கலிஃபோர்னியக் கரையின் கோடை மூடுபனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அதற்கு உதவிய தரவு எது தெரியுமா? விமான நிலையங்களில் மணிக்கொருமுறை எழுதிவைத்த மேக உயரம். விமானம் இறங்குவதற்காக எடுத்த குறிப்பு, மரங்களின் கதையைச் சொல்லிவிட்டது.

ஆனால் மேலெழும் நீரின் கதை அவ்வளவு நேரானதல்ல. நிலம் கடலைவிட வேகமாகச் சூடானால் அழுத்த வித்தியாசம் கூடும், காற்று வலுக்கும், குளிர்நீர் இன்னும் அதிகமாக மேலேறும் என்று 1990இல் கடலியலாளர் ஆண்ட்ரூ பாக்குன் வாதிட்டார். அதே சமயம் மேல்நீர் சூடாகி லேசானால், கனமான அடிநீரை அதனூடே மேலே கொண்டுவருவது கடினமாகும். இந்த மல்லுக்கட்டை ஓராண்டுக் கணக்கிலோ வருடச் சராசரியிலோ பார்க்க முடியாது. கடல் குளிர்ந்த வசந்தமும் சூடான செப்டம்பரும் கூட்டலில் ஒன்றையொன்று மறைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு மாதத்தையும் அதே மாதத்தின் முப்பது ஆண்டு இயல்போடு, இப்போதைக்கு 1991 முதல் 2020 வரை, ஒப்பிடுகிறார்கள். அதற்கு யாராவது முப்பது ஆண்டுகள் சலிக்காமல் அளந்திருக்க வேண்டும். புதிய செயற்கைக்கோளை ஏவினால் கைதட்ட ஆள் கிடைக்கும். ஒரே இடத்தில் பல்லாண்டாகக் கடலை அளந்தபடி ஆடிக்கொண்டிருக்கும் மிதவையின் பாசியைச் சுரண்டப் பணம் கேட்டால், “இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்பார்கள். புதிதாக எதுவும் இல்லாமல் இருப்பதுதான் அதன் மதிப்பு என்பதை நிதிக்குழுக்களுக்கு யார் புரியவைப்பது?

அம்மா, அடுத்த முறை செப்டம்பர் கடைசியில் போங்கள். காற்று தளர்ந்திருக்கும், கடலும் சூடாகியிருக்கும். முடிந்தால் மெதுவாகப் படியிறங்கிப் பாருங்கள். 1870இல் அந்தக் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர்கள் முனையின் உச்சியில் அதை வைக்கவில்லை. அங்கே மூடுபனி பெரும்பாலும் உயரத்தில்தான் தொங்கும் என்று தெரிந்து, பாறையை வெட்டி எவ்வளவோ கீழே விளக்கை ஏற்றினார்கள். நீங்கள் நின்ற இடம் மேகத்துக்குள். கடல் ஒருவேளை கீழே தெளிவாகவே தெரிந்திருக்கும்.