உங்கள் பகுதியில் எவ்வளவு நிலத்தடி நீர்: பம்பிங் டெஸ்ட் எதற்கு?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் கடினப்பாறை. மேலே சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள். பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தண்ணீர் நிற்கும். அதனால்தான் ஒரு தோட்டத்தில் நல்ல ஊற்று, பக்கத்துத் தோட்டத்தில் வெறும் பாறைப்பொடி.

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நிலத்தடி நீர்த் துறையும் சேர்ந்து பகுதி வாரியாக நீர்க்கணக்கு எடுக்கின்றன. 2022 முதல் இது ஆண்டுதோறும் நடக்கிறது. ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் அந்தப் பகுதி பாதுகாப்பானது. 90 வரை மிதமான அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு.

இந்தக் கணக்கின் அடித்தளத்தில் இருப்பது பம்பிங் டெஸ்ட். ஒரு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) மோட்டாரை ஒரே அளவில் பல மணி நேரம் ஓட்டி, அந்தப் போரிலும் அருகிலுள்ள கவனிப்புக் கிணற்றிலும் நீர்மட்டம் இறங்குவதை அளப்பார்கள். தொடக்கத்தில் நிமிடத்துக்கு நிமிடம், அப்புறம் இடைவெளி விட்டு. மோட்டாரை நிறுத்திய பிறகு மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் முக்கியம். பாறை எவ்வளவு நீரைக் கடத்துகிறது, எவ்வளவை விடுவிக்கிறது என்று இதிலிருந்துதான் தெரியும். வெடிப்பு இருக்கும் ஆழத்துக்குக் கீழே மட்டம் போய்விட்டால் வரத்து சட்டென்று குறையும். போர் போட்ட அன்று கம்ப்ரசர் அடித்து, 'இரண்டு இன்ச் தண்ணீர்' என்று சொல்வதை நம்பிப் பெரிய மோட்டார் வாங்குவது ஆபத்து. அந்த நேரத்து வரத்து வேறு, கோடை முழுக்கத் தாங்கும் வரத்து வேறு.

சின்ன எண்ணும் பெரிய வித்தியாசம் செய்யும். பாறை விடுவிக்கும் நீர் அதன் கன அளவில் 2 சதவீதம் என்றால், ஒரு ஹெக்டேரில் மட்டம் 1 மீட்டர் ஏறினால் சேர்ந்தது 2 லட்சம் லிட்டர். 3 சதவீதம் என்றால் 3 லட்சம். உள்ளூர் டெஸ்ட் இல்லாத இடங்களில் பாறை வகைக்குப் பொதுவாக வைத்த எண்ணைப் போடுகிறார்கள். ஊருக்கு ஊர் பாறை மாறும் மாநிலத்துக்கு இது போதாது. இன்னும் நிறைய டெஸ்ட் வேண்டும்.

நிலத்தடியில் நீர் நிற்கும் அடுக்குதான் நீர்தாங்கி. 2012-இல் தொடங்கிய தேசிய நீர்தாங்கி வரைபடத் திட்டத்தின் அறிக்கைகள் வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போர் போடுவதற்கு முன் உங்கள் வட்டாரத்தின் அறிக்கையில் ஆய்வுப் போர்களின் ஆழம், வரத்து, வெடிப்பு கிடைத்த மட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். உங்கள் நிலத்திலேயே இடம் பார்க்க வேண்டுமானால் வேளாண் பொறியியல் துறையிடம் கட்டணம் கட்டி மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி நீர் இருக்கும் இடத்தைக் கணிப்பது) கேட்கலாம்.