ஒரு சிடி ஸ்கேன், எத்தனை எக்ஸ்ரே?

மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் "ரேடியேஷன் ஆச்சே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களே வயிற்று வலிக்கு சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்துவிடுகிறார்கள். எம்ஆர்ஐ என்றால் மறுபடியும் பயம். அந்தக் கருவி போடும் சத்தம் அப்படி. பயப்பட வேண்டிய இடம் ஒன்று, பயப்படுகிற இடம் வேறொன்று.

எம்ஆர்ஐ காந்தப் புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு படம் எடுக்கிறது. அல்ட்ராசவுண்டில் இருப்பது வெறும் ஒலி. செல்லைச் சேதப்படுத்தக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சு இந்த இரண்டிலும் அறவே கிடையாது. எக்ஸ்ரே, சிடி, மாமோகிராம், ஆஞ்சியோகிராம், பெட் ஸ்கேன் ஆகியவற்றில் உண்டு.

எக்ஸ்ரே கதிர் உடம்புக்குள் நுழையும்போது அதில் ஒரு பகுதி ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும். படமாக விழுவது அதுதான். மீதி உடம்பிலேயே உறிஞ்சப்படுகிறது. அப்படி உறிஞ்சப்படும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. செல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அடி அதிகம் விழுவது தண்ணீர் மூலக்கூறுகள் மேல்தான். அவை உடைந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் துணுக்குகளாகின்றன. அந்தத் துணுக்கு டிஎன்ஏ இழையில் மோதினால் இழை அறுபடும். ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்து செல் அதைச் சரிசெய்துகொள்ளும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல்: முனைகள் தப்பாக ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்படிப்பட்ட செல்களில் பல தாமாகவே இறந்துவிடும். எங்கோ ஒன்று அந்தப் பிழையோடு பிழைத்துக்கொண்டு பல வருடம் கழித்துப் புற்றுநோயாகலாம். இதனால்தான் ஸ்கேன் எடுத்த மறுநாள் ஒன்றும் தெரிவதில்லை.

சரி, எவ்வளவு கதிர்வீச்சு? உடலுக்கு வரும் அளவை மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள். மண், பாறை, ரேடான் வாயு, விண்வெளி, சாப்பாடு என்று இயற்கையிலிருந்தே ஒருவருக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டிருக்கிறது. ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் கீழே, அதாவது சில நாட்களில் இயற்கையாகவே வரும் அளவு. பல் எக்ஸ்ரே அதிலும் குறைவு. தலை சிடி சுமார் 2. வயிறு, இடுப்பு சிடி 8 முதல் 10 வரை. குறைந்தது எண்பது மார்பு எக்ஸ்ரேக்குச் சமம். எக்ஸ்ரேயில் ஒரு திசையிலிருந்து ஒரே நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது. சிடியில் எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, நூற்றுக்கணக்கான கோணங்களில் அளந்தெடுத்து, கணினி அதைக் குறுக்குவெட்டுப் படங்களாகக் கட்டுகிறது. அந்தத் தெளிவுக்கு உடம்பு கொடுக்கும் விலை அது.

விலை எவ்வளவு என்று கணக்கிட உதவியது 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் உயிர்தப்பியவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த ஆய்வு. அதிக அளவில் கண்டதை, கோடு போட்டதுபோலச் சிறிய அளவுக்கும் நீட்டிக் கணிக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி 2,000 பேர் ஆளுக்கு 10 மில்லிசீவர்ட் பெற்றால், அவர்களில் சுமார் ஒருவருக்கு அதன் காரணமாக உயிர்கொல்லும் புற்றுநோய் வரலாம். அதே 2,000 பேரில் ஏறத்தாழ 400 பேருக்கு, ஸ்கேனே எடுக்காவிட்டாலும், வாழ்நாளில் ஏதோ ஒரு புற்றுநோய் வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடல்வால் வெடித்திருக்கிறதா, தலைக்குள் ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் இந்த ஆபத்து ஒரு பொருட்டே இல்லை. எந்த அறிகுறியும் இல்லாமல் "எதற்கும் ஒரு முறை பார்த்துவிடுவோம்" என்று முழு உடம்பு சிடி எடுத்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. பாதிப்பு வெளிப்பட வாழ்நாளும் நீண்டு கிடக்கிறது. 2012இல் பிரிட்டனில் சிறுவயதில் சிடி எடுத்தவர்களைப் பற்றி வந்த பெரிய ஆய்வு, ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் சற்றுக் கூடுவதைக் காட்டியது. பத்து வயதுக்குள் எடுத்தவர்களில், அடுத்த பத்தாண்டுகளில் 10,000 பேருக்கு ஒவ்வொன்றிலும் ஒருவர் கூடுதல் என்பது அந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. குழந்தைக்கு சிடி என்றால், அதன் எடைக்கேற்ப அளவைக் குறைத்து வைப்பார்களா, அல்ட்ராசவுண்டிலேயே விடை கிடைக்குமா என்று பெற்றோர் கூச்சப்படாமல் கேட்கலாம்.

இன்னொரு சந்தேகம், கதிர் உடம்பிலேயே தங்கிவிடுமோ என்பது. எக்ஸ்ரேயிலும் சிடியிலும் விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவதுபோல அதுவும் போய்விடும். பெட் ஸ்கேனில் ஊசி வழியே கதிரியக்க மருந்து உள்ளே போகிறது. வழக்கமாகப் பயன்படும் ஃபுளூரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அப்புறம், ஏற்கெனவே ஐந்து சிடி எடுத்தவருக்கு ஆறாவது சிடி, முதலாவது தந்ததைவிடக் கூடுதல் ஆபத்து தருவதில்லை. தேவையானது என்றால் பழைய கணக்குக்கு அஞ்சி அதைத் தள்ளக் கூடாது. தேவையே இல்லாமல் எடுப்பது பெரும்பாலும் மருத்துவமனை மாறும்போதுதான்: பழைய படம் வீட்டில் இருக்கும், புது மருத்துவர் அதைப் பார்த்திருக்க மாட்டார், அதே ஸ்கேன் மறுபடி எழுதப்படும். ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது, படங்கள் பதிந்த வட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.