சதுர அடிக் கணக்கு எங்கே இடிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா பக்கம் போனால் யாராவது ஒருவர் என்னிடம் கைப்பேசியை நீட்டிவிடுவார். ஊரில் வீடு கட்ட மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷன் அதில் இருக்கும். கட்டுமான வேலைகளுக்கு அளவுக் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. அதனால்தான் இந்த மரியாதை. போன வாரம் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் காட்டியதில் ஒரே வரிதான்: 600 சதுர அடி, சதுர அடிக்கு இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவு. "சிங்கப்பூர் வெள்ளியில பார்த்தா கையில இருக்கிறதுக்குச் சரியா வருதுண்ணே" என்றார்.

அது வராது. சதுர அடி என்பது தரையின் பரப்பு. பணமோ தரையில் மட்டும் போவதில்லை. சுவரின் நீளத்திலும் அஸ்திவாரத்தின் ஆழத்திலும் போகிறது.

20க்கு 30 அடியில் ஒரு வீடு என்றால் வெளிச்சுவர் மொத்தம் 100 அடி. 30க்கு 40 என்று கட்டினால் தரை இரண்டு மடங்கு, 1,200 சதுர அடி. ஆனால் வெளிச்சுவர் 140 அடிதான். அதாவது சின்ன வீட்டில் ஒவ்வொரு சதுர அடியும் கூடுதல் சுவரைச் சுமக்கிறது. மனை ஒடுங்கலாக இருந்து அதே 600 சதுர அடியை 12க்கு 50 என்று இழுத்தால் சுவர் 124 அடியாகிவிடும். சமையலறை, கழிப்பறை, செப்டிக் டேங்க் இவையெல்லாம் எந்த வீட்டுக்கும் ஒன்றாவது வேண்டும். எனவே பக்கத்துத் தெருவில் பெரிய வீடு கட்டியவரின் ரேட்டை வாங்கிவந்து நம் சின்ன வீட்டில் பெருக்கக் கூடாது.

அடுத்தது பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையை மண் கொட்டி உயர்த்தும் அளவு. ஊரில் ரோடு போடும்போதெல்லாம் மேலேயே போட்டு உயர்த்திவிடுகிறார்கள். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரக் கூடாதென்று நாமும் ஏற்றுகிறோம். 600 சதுர அடி வீட்டை 2 அடிக்குப் பதில் 4 அடி உயர்த்தினால், சுவர்க் கனத்தைக் கழிக்காமல் 1,200 கன அடி மண் கூடுதல். 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் அது 12 யூனிட். லாரியில் வரும் மண் உதிரியாக இருக்கும், தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் இறங்கும். கிட்டத்தட்ட 15 யூனிட்டாவது கொட்ட வேண்டியிருக்கும். கொட்டேஷனில் சதுர அடி மட்டும் அப்படியே இருக்கும். கரிசல் மண் என்றால் கதையே வேறு. ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும் மண் அது; சாதாரண அஸ்திவாரம் போதாது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே அடியில் குமிழ்போல் அகன்ற குத்துத்தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது.

எனக்குப் பிடித்த இடம் மணல்தான். பாறையை உடைத்துச் செய்யும் எம்சாண்டோ ஆற்று மணலோ, லாரித் தொட்டியை டேப் பிடித்து அளந்து, 100 கன அடி ஒரு யூனிட் என்று காசு கொடுக்கிறோம். ஆனால் லேசாக ஈரமான மணல் உப்பிக்கொள்ளும். ஒவ்வொரு துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அதன் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து, நெருங்கி அடைய விடாமல் செய்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பிள்ளைகள் கட்டும் மணல்கோட்டை நிற்பதும் இதே விசையால்தான். தண்ணீரில் முழுக மூழ்கடித்தால் பிடிப்பு போய் மணல் படுத்துவிடும்.

இதை ஒரு வாளியிலேயே பார்க்கலாம். நேரான சுவருள்ள வாளியில் ஈர மணலை அமுக்காமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி நன்றாகக் கிளறிப் படியவிடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று அர்த்தம். 100 கன அடிக்குக் காசு கொடுத்து 80 வாங்கியிருக்கிறோம்.

நஷ்டம் அதோடு நிற்காது. அந்த 600 சதுர அடிக்கு 5 அங்குலக் கூரைத் தளம் போட 250 கன அடி காங்கிரீட் வேண்டும். அதற்கு உலர் பொருள் சுமார் 385 கன அடி, ஏனென்றால் ஜல்லியின் இடுக்குகளில் மணலும், மணலின் இடுக்குகளில் சிமெண்டும் போய் அடங்கிவிடும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் சிமெண்ட் 70 கன அடி, அதாவது 57 மூட்டை. மணல் 105, ஜல்லி 210. இப்போது அளவுப் பெட்டியில் உப்பிய மணலை அளந்து போட்டால் உண்மையான மணல் குறைந்து, ஒவ்வொரு கலவையும் கொஞ்சமாகவே வரும். தளம் முடிய இன்னும் சில மூட்டை சிமெண்ட் வேண்டும். எங்கள் வீடு கட்டியபோது இப்படி மூட்டைகள் கணக்கை மீற, அப்பா மேஸ்திரியைத்தான் சந்தேகப்பட்டார். பாவம், அவர் மூட்டையைத் தொடவேயில்லை.

மணல் ஒன்றே கணக்கைக் கவிழ்க்கும் என்பது சிங்கப்பூருக்கும் புதிதல்ல. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் இங்கே கட்டுமானத் துறை தடுமாறிப்போனது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கத்தில் மண், சுவர், தளம் என்று தனித்தனியாக எழுதினோம். போர்வெல், மின் இணைப்பு, காம்பவுண்டு சுவர் எதுவும் கொட்டேஷனில் இல்லை. பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதும் இல்லை. அங்கிருந்தே அவர் ஊருக்குப் போன் போட்டார்.

"ரோட்டுக்கு மேல மூணு அடின்னு மேஸ்திரி சொல்றாருப்பா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "ஆனா தைக்குள்ள ரோட்ட இன்னொரு தடவ போடப் போறாங்களாம்."