தசையைத் தளர்த்தும் நரம்பு ஊசி: அடுத்த டோஸுக்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

தோள்மூட்டு நழுவி வந்தவரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், சுற்றியிருக்கிற தசையெல்லாம் வலியில் கல்லாக இறுகியிருக்கும், நாம் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். அப்போதுதான் யாராவது "ரிலாக்ஸ் ஆக ஒரு டயசிபாம் போடுங்க" என்பார்கள், அல்லது மிடசோலம். நல்ல மருந்துகள்தான். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற மருந்துகள் அல்ல, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவை தசையில் நேரடியாக வேலை செய்வதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் காபா என்கிற வேதிப்பொருளின் அடக்கும் வேலையைக் கூட்டுகின்றன, தசை தளர்வது அதன் விளைவு. அதனால் தோள் மட்டும் தளரட்டும், மூச்சு அப்படியே இருக்கட்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. கூடவே விழிப்பு குறையும், நாக்கு பின்னால் சரியும், மூச்சு மெதுவாகும்.

பிரச்சினை பெரும்பாலும் அவசரத்தில்தான் வருகிறது. மிடசோலம் நரம்பில் ஏறி முழு வேகம் பிடிக்க 3 முதல் 5 நிமிடம் ஆகும். ஒரு நிமிடத்தில் "ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொரு டோஸ், அப்புறம் இன்னொன்று என்று போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வரும். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம், அதையும் மெதுவாக, பிறகு குறைந்தது 2 நிமிடம் காத்திருந்து ஆளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. வயதானவர், மெலிந்தவர் என்றால் அளவைக் குறையுங்கள், காத்திருப்பைக் கூட்டுங்கள். ஆம்பூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராமும் உண்டு, 5 மில்லிகிராமும் உண்டு, லேபிளை வாய்விட்டுப் படியுங்கள்.

டயசிபாம் என்றால் நிமிடத்துக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அது தண்ணீரில் கரையாத மருந்து, புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்து வைத்திருப்பதால் ஏறும்போது எரியும், ரத்தக்குழாய் வீங்கிப்போகும். புறங்கையில் இருக்கும் சின்ன நரம்பு வேண்டாம், பெரியதாகப் பாருங்கள். வேறு மருந்தோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவே கூடாது.

எல்லோரும் கவனம் விடுகிற ஒரு நொடி இருக்கிறது. 'டக்' என்று எலும்பு குழிக்குள் விழுகிறது, அறையில் எல்லோருக்கும் நிம்மதி, ஒருவர் எக்ஸ்ரேக்குச் சொல்லப் போகிறார், ஒருவர் கையுறையைக் கழற்றுகிறார். இதுவரை அவரை விழிக்க வைத்திருந்தது வலி. அது போய்விட்டது, மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது, முன்னாடியே வலிக்காக மார்பினோ ஃபென்டனிலோ போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் விரல் மானிட்டர் சிறிது நேரத்துக்கு 98 சதவீதம் என்றே காட்டும், மூச்சு நின்றிருந்தாலும்கூட! நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபி இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள், அது உடனே காட்டிக்கொடுக்கும்.

ஆக்சிஜன், வாயில் சேர்வதை உறிஞ்சும் சக்ஷன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் மூன்றும் ஊசிக்கு முன்பே கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மூச்சைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆளும் வேண்டும். "இதை முறிக்கிற மாற்று மருந்து ஃப்ளூமாசெனில் இருக்கே" என்று தைரியமாக இருப்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. 0.2 மில்லிகிராமில் தொடங்கி நிமிட இடைவெளியில் கூட்டலாம், சரி. ஆனால் அதன் அரை ஆயுள், அதாவது உடலில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், மாற்று மருந்து வடிந்ததும் நோயாளி மறுபடி மயக்கத்துக்குள் போகலாம், பல மாதமாகத் தூக்க மாத்திரை போடுபவருக்கு வலிப்பே வரலாம். முதலில் ஆம்பு பேக்தான்.

போடுவதற்கு முன் கேளுங்கள்: தூக்க மாத்திரை, மது, தூக்கத்தில் மூச்சுத் தடை, நுரையீரல் நோய், தசைகள் பலவீனமாகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய். ஊசி போட்டுக்கொள்பவராக இதைப் படித்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பல தோள்களுக்கு மூட்டுக்குள் மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் போட்டு நிதானமாக முயன்றாலே போதும், மயக்கம் தேவைப்படாது. நான் முதலில் அதைத்தான் யோசிப்பேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வதை நோயாளியிடம் மட்டும் சொல்லாதீர்கள். தலையாட்டுவார், "சரிங்க டாக்டர்" என்பார், ஆனால் இந்த மருந்து ஏறிய பிறகு நடப்பது நினைவில் தங்காது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது என்பதை உடன் வந்தவரிடம் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுங்கள். டயசிபாம் என்றால் அதன் அரை ஆயுளே ஒரு நாளைத் தாண்டலாம், மறுநாளும் தள்ளாட்டம் இருந்தால் வண்டிச் சாவியை வீட்டுக்காரர்களே வைத்திருக்கட்டும்.